நாம் சுமந்து வந்த நீர்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருப்பர். வாழ்நாளெல்லாம் தமிழைப் படித்தும் படிப்பித்தும் வந்த ஒருவன் நீரைப் பற்றியும் உயிர்களின் உடலமைப்பைப் பற்றியும் எழுதத் துணிவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் சிறுவயது முதல் என் உள்ளத்தில் ஒரு வினா இருந்தது. அதற்கு விடை நான் கற்ற நூல்களில் இல்லை. விலங்கியல் துறை நண்பர் ஒருவருடன் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் சேற்றில் நின்றபோதுதான் அது கிடைத்தது. அவ்வினாவையும் விடையையும் மாணவச் செல்வங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1966ஆம் ஆண்டு, சித்திரை மாதம். எனக்கு எட்டு வயது. கோரையாற்றங்கரையில் எங்கள் சிற்றூர். என் தம்பிக்கு ஒன்றரை வயது நிறைந்திருந்தது. ‘தண்ணி’ என்ற சொல்லை அப்போதுதான் அவன் சொல்லப் பழகியிருந்தான். ஒருநாள் விடியற்காலையில் அவனுக்கு வயிற்றுப்போக்குத் தொடங்கியது. நண்பகலுக்குள் பத்துப் பன்னிரண்டு முறை ஆயிற்று. “குடிக்கிறதெல்லாம் அப்படியே போகுது. தண்ணி குடுக்காதே, வயிறு காயட்டும்” என்றார் பாட்டி.

அக்காலத்தில் எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் இதுவே வழக்கம். பாட்டி அன்பில்லாதவர் அல்லர். அவனைத் தம் மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவரும் அவரே. ஒழுகுகின்ற பானையில் நீரை ஊற்றினால் ஒழுக்குத்தான் மிகும் என்பது பெரியவர்கள் கண்ட நியாயம். கண்ணால் காண்பதற்கு அது சரியாகவே தோன்றியது.

அன்று மாலை தம்பி என்னைப் பார்த்துத் ‘தண்ணி’ என்றான். நான் செம்பில் நீர் மொண்டுகொண்டு போனேன். அவன் வாயருகே கொண்டு செல்லுமுன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்டா, அவனுக்கு ஆகாது” என்றார். நான் செம்பைத் திரும்பக் கொண்டுபோய் நீரைக் குடத்திலேயே ஊற்றினேன். இரவு முழுவதும் அவன் அழுதான். அவ்வழுகையில் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. முகம் கோணுகிறது, உதடு துடிக்கிறது, குரல் வருகிறது. ஆனால் கண்ணில் நீர் இல்லை. கண்ணீரில்லாமல் ஒரு குழந்தை அழக்கூடும் என்பதை அன்றுதான் கண்டேன். மறுநாள் பொழுது புலருமுன் அவன் அடங்கிவிட்டான்.

அவன் கண்ணீர் எங்கே போயிற்று? இதுவே நான் இருபத்திரண்டு ஆண்டுகள் சுமந்திருந்த வினா.

1988ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையினர் மாணவர்களை அலையாத்திக் காட்டிற்கு அழைத்துச் சென்றனர். நான் அப்பகுதியைச் சேர்ந்தவன் என்பதால் வழிகாட்ட என்னையும் உடனழைத்தனர். காவிரியின் கிளைகளாகிய கோரையாறும் பாமணியாறும் பிற சிற்றாறுகளும் கடலோடு கலக்கின்ற இடம் அது. பொழுதுக்கு ஒருமுறை கடல்நீர் ஏறியும் இறங்கியும் வரும் உவர்நிலம். சாதாரணச் செடிகள் அங்கே வேர்விட்டால் ஓரிரு நாளில் கருகிவிடும். வேரைச் சுற்றி நீர் நிறைந்திருந்தும் செடி வாடும். உப்பு மிகுந்த நீர் செடிக்குள் புகுவதற்கு மாறாக, செடியிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும்.

நண்பர் ஓர் அலையாத்தி இலையைப் பறித்து, “ஐயா, நாவில் வைத்துப் பாருங்கள்” என்றார். உப்புக் கரித்தது. அம்மரத்தின் வேர்கள் உப்பின் பெரும்பகுதியை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றன. அதையும் மீறி உள்ளே வரும் உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. காற்றில்லாத சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் ஈட்டிகளைப் போல் மேல்நோக்கி நிற்கின்றன. நான் அக்காட்டை நூறுமுறை கண்டவன், விறகு பொறுக்கியவன், நண்டு பிடித்தவன். ஆனால் அங்குள்ள ஒவ்வோர் உயிரும் நீருக்காக ஓயாது போராடி நிற்பது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சேற்றின் மேல் சிறு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. நீரைவிட்டு வெளியேறி, முன்துடுப்புகளை ஊன்றி, தலைமேல் துருத்திய கண்களால் எங்களைப் பார்த்தன. “இவை நிலத்திற்கு வந்துவிட்டன என்று நினைக்காதீர்கள். செவுளறையில் தண்ணீரை அடைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. தோலும் வாயின் உட்பரப்பும் ஈரமாக இருக்கும்வரைதான் இவற்றிற்கு மூச்சு. காய்ந்தால் சேற்றில் புரண்டு நனைந்துகொள்ளும்” என்றார் நண்பர். நெடுங்காலத்திற்கு முன் நிலமேறிய நம் முன்னோர் இம்மீன்கள் அல்ல. இவை பிற்காலத்தில் தனியே அம்முயற்சியில் இறங்கியவை. ஆனால் அந்தப் பழைய முயற்சியும் இத்தகையதே. கனடா நாட்டின் வடகோடியிலுள்ள எல்லெஸ்மியர் தீவில் 2004ஆம் ஆண்டு ‘டிக்டாலிக்’ என்னும் உயிரியின் புதைபடிவம் கிடைத்தது. அது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. உடலில் மீனின் செதில்கள். துடுப்பினுள்ளே மணிக்கட்டையொத்த எலும்புகள். தலையைத் தனியே திருப்புவதற்கேற்ற கழுத்து. ஆழமற்ற நீரின் ஓரத்தில் தரையை ஊன்றி எழுந்த உயிர் அது.

நிலத்திற்கு வந்த முதல் உயிர்கள் நீரைத் துறக்கவில்லை. தவளை இன்றும் மழைநீர்க் குட்டையைத் தேடியே முட்டையிடுகிறது. அதன் முட்டைக்கு ஓடு இல்லை; வெயிலில் கிடந்தால் உலர்ந்துவிடும். இத்தளையிலிருந்து விடுபட்டவை ஊர்வனவற்றின் முன்னோர்கள். அவை கண்ட வழி வியப்பிற்குரியது. குளத்தைத் தேடிச் சென்று முட்டையிடுவதற்கு மாறாக, முட்டைக்குள்ளேயே ஒரு குளத்தை வைத்தன. கருவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு, சவ்வுக்குள் நீர், நீருக்குள் கரு. 31 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது இவ்வமைப்பு. பாம்புக்கும் பறவைக்கும் பாலூட்டிகளுக்கும் இது பொதுவானது. தாயின் வயிற்றில் நாம் ஒவ்வொருவரும் மிதந்திருந்ததும் அந்தக் குளத்தில்தான்.

இதைக் கேட்டபோது தமிழாசிரியனாகிய நான் பெருமிதம் கொண்டேன். நம் பெண்கள் அச்சவ்வைப் ‘பனிக்குடம்’ என்றல்லவா வழங்குகின்றனர்! ‘பனிக்குடம் உடைந்துவிட்டது’ என்று மருத்துவச்சி சொன்னால் பிள்ளை வரப்போகிறது என்று வீடே பரபரக்கும். நீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு கரையேறிய உயிரின் வரலாறு, எழுத்தறியாத நம் பாட்டியரின் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதுமட்டுமா? உமிழ்நீர், கண்ணீர், சிறுநீர், செந்நீர் என்று உடலில் ஓடுவன எல்லாவற்றையும் நீர் என்ற ஒரே சொல்லாலேயே தமிழர் பெயரிட்டனர். இயல்பு, தன்மை என்ற பொருளில் ‘நீர்மை’ என்ற சொல்லையும் ஆண்டனர்.

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வளர்ந்த ஆணின் உடலில் அது ஏறத்தாழ 60 விழுக்காடு. இந்நீர் வெறும் நீரும் அன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. நம் குருதிநீரின் உவர்ப்பு, லிட்டருக்கு 9 கிராம் உப்பிட்ட நீருக்கு ஒப்பானது. குருதி பழங்கடலின் நேர்ப்படி என்று சொல்வது மிகையாகும். ஆயினும் இரண்டிலும் மிகுந்திருப்பவை சோடியமும் குளோரைடுமே. உடலின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னைச் சூழ்ந்த உவர்நீரிலேயே இன்றும் வாழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் இதனை உடலின் உட்சூழல் என்று கண்டார். அச்சூழலை மாறாது காப்பதே உயிர் தன்னுரிமையோடு வாழ வழி என்றும் கூறினார். வெளியே வெயிலும் வறட்சியும் மாறி மாறி வந்தாலும், உள்ளே அந்தக் கடல் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கவேண்டும்.

அதனைக் காக்கும் காவலன் சிறுநீரகம். அவ்வுறுப்பின் வேலைமுறை விந்தையானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கிறது. பின்னர் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்டதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. திரும்ப எடுத்துக்கொள்வதற்காக ஏன் இவ்வளவையும் கொட்டவேண்டும்? ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு மீன்களிடத்தே விடை தேடினார். நன்னீர் மீனின் உடலுக்குள் நீர் இடைவிடாது புகுந்துகொண்டே இருக்கும். அதனைக் கொட்டித் தீர்ப்பதே அதன் சிறுநீரகத்திற்குத் தலையாய பணி. அவ்வாறு நீரைக் கழிப்பதற்கென்று அமைந்த உறுப்பே நிலத்திற்கு வந்தபின் நீரைக் காக்கும் உறுப்பாக மாற நேர்ந்தது என்பது அவர் கருத்து. பழைய வடிகட்டி அப்படியே நிற்க, அதன் குழாய் நீண்டு வளைந்து நீரை மீட்கக் கற்றுக்கொண்டது. பரிணாமம் புதுவீடு கட்டுவதில்லை. இருக்கின்ற வீட்டையே இடித்தும் சேர்த்தும் திருத்துகிறது.

இந்தக் காவலின் உச்சத்தை ஒட்டகத்திடம் காணலாம். அதன் திமிலில் இருப்பது நீர் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது கொழுப்பு. நட் ஷ்மிட்-நீல்சன் என்ற அறிஞர் 1953-54ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்தில் தங்கி ஒட்டகத்தை ஆராய்ந்தார். நீர் கிடைக்காத காலத்தில் அது பகலெல்லாம் தன் உடல்வெப்பத்தை ஏறவிட்டு, குளிர்ந்த இரவில் இறக்கிக்கொள்கிறது. வியர்வையாகச் செலவாகவேண்டிய நீர் இவ்வாறு மிஞ்சுகிறது. உடலெடையில் கால்பங்கு அளவு நீரை இழந்தும் அது நடக்கும். நீர்நிலையைக் கண்டவுடன் சில நிமிடங்களில் நூறு லிட்டரளவு குடிக்கவும் வல்லது.

“குழந்தைக்கு?” என்று நண்பரிடம் கேட்டேன். நான் எதை எண்ணிக் கேட்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. “பத்தில் ஒரு பங்கு போனாலே ஆபத்து ஐயா. பத்துக் கிலோக் குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால் உயிருக்கே ஊறு. கண் குழிவிழும். தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாது. உடல் எஞ்சிய நீரை இதயத்திற்கும் மூளைக்கும் ஒதுக்கிவிட்டு மற்ற வாயில்களை அடைக்கும். அழுதால் கண்ணீர் வராது” என்றார்.

படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் கண்ணீர் எங்கும் போகவில்லை. அவன் உடல் அதைச் செலவழிக்க மறுத்து, கடைசித் துளிவரை உயிரைக் காக்க முயன்றிருக்கிறது. அவன் கேட்ட நீரைத்தான் நாங்கள் கொடுக்கவில்லை.

நண்பர் மேலும் விளக்கினார். நம் குடலுக்குள் நாள்தோறும் எட்டு ஒன்பது லிட்டர் நீர் வந்து சேர்கிறது. குடிப்பதும் உண்பதும் அதில் சிறுபகுதியே. பெரும்பகுதி உடலே சுரந்து அனுப்புவது. நலமாக இருக்கும் குடல் ஏறக்குறைய அத்தனையையும் மீட்டுக்கொள்ளும். காலரா போன்ற நோய்களில் சுரப்பு பெருகி, மீட்பு தோற்றுவிடுகிறது. வெறும் நீரைக் குடித்தாலும் போதிய அளவு உட்செல்வதில்லை. ஒழுகும் பானை என்று பெரியவர்கள் கருதியது இதனைக் கண்டே. ஆனால் அப்பானைக்கு மூடாத ஒரு வாயில் இருந்தது. 1960ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த அறிஞர் கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் அதனை எடுத்துரைத்தார். குடற்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. காலராவினாலும் இவ்வாயில் அடைபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் கொடுத்தால், ஒழுகிக்கொண்டிருக்கும் உடலே அதனை ஏற்றுக்கொள்ளும்.

1968ஆம் ஆண்டு டாக்கா நகரின் காலரா ஆய்வகத்தில் டேவிட் நலினும் ரிச்சர்ட் காஷும் உடன்பணியாற்றியோரும் நோயாளிகளுக்கு இக்கரைசலைக் கொடுத்து வெற்றி கண்டனர். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான போன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், கொல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மகாலனபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி வைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் நம் நாடு பத்ம விபூஷண் விருதளித்தது.

காட்டிலிருந்து திரும்பிய நான் அம்மாவிடம் இவற்றில் எதையும் சொல்லவில்லை. ஆறிய புண்ணை அறிவின் பெயரால் கீறவேண்டுமா என்று தயங்கினேன். ஆனால் 1991ஆம் ஆண்டில் இரண்டு வயதான என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருத்துவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, ஒரு லிட்டர் நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டச் சொன்னார். வீட்டிற்கு வந்ததும் அம்மாவே நீரை அளந்து பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கினார். கலக்கிக்கொண்டே, “இதுல என்னடா இருக்கு?” என்று கேட்டார்.

“உப்பும் சர்க்கரையுந்தாம்மா.”

கலக்கிய கரண்டி நின்றது. நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “நம்ம வீட்டுல அன்னைக்கி உப்பும் இருந்துச்சு, வெல்லமும் இருந்துச்சு” என்றார். சற்றுப் பொறுத்து, “தண்ணி குடுத்திருந்தா இருந்திருப்பானாடா?” என்றார்.

“அப்ப இது டாக்டருங்களுக்கே தெரியாதும்மா. ரெண்டு வருசம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சாங்க” என்றேன்.

நான் சொன்னது பொய் அன்று. அவன் மறைந்தது 1966. டாக்கா ஆய்வு 1968. ஆனால் அது முழு உண்மையும் அன்று. அரிசிக்கஞ்சியில் உப்பிட்டுக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலேயே காய்ச்சல்காரர்களுக்கு இருந்தது. அரிசியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. கஞ்சியைக் கொண்டும் அக்கரைசல் செய்யலாம் என்று பிற்காலத்தார் காட்டினர். மருந்து அடுக்களையிலேயே இருந்தது. அதைக் கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் அதே வீட்டில் இருந்தது. அம்மா நான் சொன்னதை நம்பினாரா, என் பொருட்டு நம்பியதாகக் காட்டிக்கொண்டாரா என்பதை நான் அறியேன். 2009இல் அவர் மறையும்வரை அது பற்றி நாங்கள் மீண்டும் பேசவில்லை.

மாணவச் செல்வங்களே! ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் குறிப்பிட்டுள்ளது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தால், ‘வயிறு காயட்டும்’ என்று சொல்பவரைப் பணிவோடு தடுங்கள். பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாடம் எத்துறையாயினும் இதனை அறிந்திருத்தல் கற்றவர் கடமை. நான் தமிழ்த்துறையின் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தேன். பக்கத்துத் துறையின் கதவைத் தட்ட எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டா.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அலையாத்திக் காட்டைப் பெரிதும் சிதைத்தது. அடுத்த ஆண்டு நான் போனபோது, முறிந்து காய்ந்த மரங்களுக்கிடையே இளங்கன்றுகள் எழுந்திருந்தன. ஓர் இலையைப் பறித்து நாவில் வைத்தேன். பழைய உப்பே கரித்தது. 1991ஆம் ஆண்டின் அந்த இரவு நினைவிற்கு வந்தது.

அன்றிரவு அம்மா உறங்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கரண்டியாக என் மகளுக்குப் புகட்டிக்கொண்டிருந்தார். வாந்தியெடுத்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்தார். நான் கேட்டும் கரண்டியைத் தரவில்லை. விடியற்காலையில் குழந்தை விழித்துப் பசியால் வீறிட்டு அழுதாள். அம்மா விளக்கை அருகே கொண்டுவரச் சொன்னார். குனிந்து, அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கண்ணீர் வருதுடா” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, அன்று அதைக் கவனித்தவன் நான் மட்டும் அல்லன் என்று.